சென்னைப் புழுக்கத்துக்கு ஏற்ற மரப் புகையறை: அடித்தளம் போடுவதிலிருந்து மீன் இறக்கும் வரை

புகையறை கட்டுவதற்கு முன்பு ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும். மீனுக்குப் புகை போட இரண்டு முறைகள் உண்டு. குளிர்ப்புகையில் அறைச் சூடு 30 டிகிரி செல்சியசைத் தாண்டக் கூடாது. மீன் வேகாது, பல மணி நேரம், சில சமயம் பல நாள் புகையில் தொங்கும். சூட்டுப்புகையில் மீன் புகையிலேயே வெந்துவிடும். சென்னையில் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் பகலில் வெளிக்காற்றே 30 டிகிரியைத் தொட்டோ தாண்டியோ நிற்கிறது. அந்தச் சூட்டில் பச்சை மீனை மணிக்கணக்கில் தொங்கவிட்டால் புகைக்கு முன்னால் கிருமி பெருகிவிடும். எனவே இங்கே சூட்டுப்புகை மட்டும்தான். கீழே சொல்லும் ஒவ்வோர் அளவும் அதை வைத்தே போடப்பட்டது: அறை 110 டிகிரி வரை ஏற வேண்டும், மரத்தில் தீ பற்றக் கூடாது, ஐப்பசி மழையில் அடுப்பு மூழ்கக் கூடாது.

புகை போட்டால் மீன் கருவாடு மாதிரி வெளியில் கெடாமல் இருக்கும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். மாசிக் கருவாடு மாதக்கணக்கில் நிற்கிறதே என்பார்கள். மாசியில் சூரையை வேகவைத்து, புகை போட்டு, பிறகு கட்டையாய் இறுகும் வரை வெயிலில் காயவைக்கிறார்கள். அதைக் காப்பது அந்த உலர்ச்சி. இங்கே செய்யப்போகும் மீனில் ஈரம் அப்படியே இருக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் அதை வைக்க முடியாது.

இடமும் திசையும்

அடுக்குமாடி மொட்டை மாடி இதற்கு ஆகாது. தனி வீட்டின் பின்புறம், சுவரிலிருந்தும் தென்னை ஓலை, கீற்றுக் கொட்டகை, மின்கம்பி எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 10 அடி விலகிய திறந்த இடம் வேண்டும். கூரை போட்ட கார் ஷெட்டுக்குள் கட்டாதீர்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். அறைக் கதவைக் கிழக்கே வையுங்கள். கதவைத் திறக்கும்போது காற்று முதுகுப் பக்கம் இருக்கும், புகை முகத்தில் அடிக்காது. அடுப்பு மேற்கே, அறைக்குப் பின்னால். கூரை தெற்கே சரியட்டும். உயரமான வடபக்கத்தில் புகைப்போக்கி. கடற்காற்று நேராக அதற்குள் புகுந்து புகையைத் திருப்பி அடிக்காமல் இருக்க இதுதான் வழி.

வெளிநாட்டு வரைபடங்களில் புகைப்பாதையை மண்ணுக்குள் பள்ளமாகத் தோண்டச் சொல்வார்கள். சென்னையில் அதைச் செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலே வரும் ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பள்ளம் கிணறாகிவிடும். அடுப்பு தரைமட்டத்தில், அறை அதற்கு மேலே பீடத்தில் என்று எல்லாவற்றையும் மண்ணுக்கு மேலேயே கட்ட வேண்டும். 2015 வெள்ளத்தில் தண்ணீர் நின்ற முடிச்சூர், வேளச்சேரி போன்ற பகுதி என்றால் அடித்தளத்தையே இன்னும் ஓர் அடி உயர்த்துங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்

அறையின் வெளி அளவு 3 அடிக்கு 3 அடி. செங்கல் பீடம் 30 அங்குல உயரம். அதன் மேல் மரப்பெட்டி: வடபக்கம் 4½ அடி, தென்பக்கம் 4 அடி.

– சேம்பர் செங்கல் 275 (பீடத்துக்கு 140, அடுப்புக்கு 40, புகைப்பாதைக்கு 28, தரை பாவ 30, மீதி உடைசலுக்கு)
– சிமென்ட் 2 மூட்டை, அதற்கேற்ற எம்.சாண்ட், முக்கால் அங்குல ஜல்லி
– களிமண், ஆற்றுமணல், ஒரு கைப்பிடி உமி
– கடப்பா கல் 30 × 15 அங்குலம், ஒன்று
– 5 மி.மீ. இரும்புத் தகடு 21 × 24 அங்குலம் (அடுப்பு மூடி); 3 மி.மீ. தகடு 22 × 22 அங்குலம் (மறைப்புத் தகடு)
– 12 மி.மீ. கம்பி, அடுப்புத் தட்டிக்கு
– 1 அங்குல கனப் பலகையும் 3 × 3 அங்குலச் சட்டமும் சேர்த்து எட்டரை கன அடி மரம்
– 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ, கீல் 3, கொக்கி, வலைத்தட்டு 4, 10 மி.மீ. கம்பி 6
– மேலே போட ஒரு அலுமினிய ஷீட்
– 0 முதல் 200 டிகிரி காட்டும் டயல் வெப்பமானி, கறியில் குத்திப் பார்க்கும் ஊசி வெப்பமானி

ஸ்க்ரூவில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் சாதா இரும்பு ஸ்க்ரூ இரண்டு மழைக்காலம் தாங்காது. ஜி.ஐ. வலையைத் தட்டாக்கவும் கூடாது. உப்பும் புகையின் அமிலமும் துத்தநாகப் பூச்சைக் கரைத்து மீனில் ஏற்றும்.

எந்த மரம்

சுவருக்கு நன்றாகக் காய்ந்த, பிசின் வடியாத, மருந்து அடிக்காத மரம் வேண்டும். விலைக்கும் உழைப்புக்கும் பலா மிக நல்லது. பூவரசும் நீடித்து உழைக்கும். தேக்கு கிடைத்தால் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பழைய மரக்கடையில் கதவுப் பலகை வாங்கினால் பெயின்ட் படாததாகப் பாருங்கள், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். மாமரம் மலிவு, கரையானும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும், வளையவும் வளையும். ரப்பர் மரத்தை மருந்தில் ஊறவைத்துத்தான் விற்கிறார்கள், அதைத் தொடாதீர்கள். பிளைவுட், எம்.டி.எஃப். சூடானால் பசை புகையும்.

துறைமுகப் பக்கம் பேக்கிங் பெட்டி மரம் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். அதில் ‘எம்.பி.’ என்று ஆங்கில முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது என்று பொருள். ‘எச்.டி.’ முத்திரை சூட்டில் மட்டும் பதப்படுத்தியது என்றாலும் அது பெரும்பாலும் பைன். 100 டிகிரியில் பிசின் கசிந்து மீனுக்குக் கசப்பேற்றும்.

அடித்தளம், அடுப்பு, புகைப்பாதை

8 அடி நீளம், 4 அடி அகலத்துக்கு மண்ணை 3 அங்குலம் வெட்டி இறுக்கி, 1:4:8 கான்கிரீட்டை (சிமென்ட், எம்.சாண்ட், ஜல்லி) 4 அங்குலம் போடுங்கள். மேல்மட்டம் சுற்றியுள்ள தரையைவிடச் சற்று உயர்ந்தே இருக்கட்டும். 7 நாள் தண்ணீர் காட்டுங்கள்.

கிழக்கு முனையில் 3 × 3 அடிப் பீடத்தை 4½ அங்குலச் சுவராக, 1:6 சிமென்ட் கலவையில் 10 வரிசை எழுப்புங்கள். மேற்குச் சுவரில் 6, 7-ஆம் வரிசையில் 6 அங்குல அகலத்துக்குத் துளை விடுங்கள். புகை உள்ளே வரும் வாய் அதுதான். 8-ஆம் வரிசை முடிந்ததும் இரண்டு பட்டைக் கம்பிகளைச் சுவரோடு சுவராகக் குறுக்கே பதித்துவிடுங்கள். மறைப்புத் தகடு பிறகு அதன்மேல் சும்மா உட்காரும். சுற்றிலும் இரண்டரை அங்குல இடைவெளி இருப்பதால் சூடு நான்கு பக்கமும் பரவி மேலேறும். தகடு இல்லையென்றால் நடுவில் தொங்கும் மீன் கருகும், மூலையில் தொங்குவது பச்சையாய் நிற்கும். சொட்டும் கொழுப்பும் அதன்மேல் வைக்கும் தட்டில்தான் விழ வேண்டும். சூடான இடத்தில் கொழுப்பு விழுந்து எரியும் புகையில் உடலுக்குக் கேடான கரிச்சேர்மங்கள் அதிகம்.

அடுப்பைப் பீடத்திலிருந்து 30 அங்குலம் தள்ளிக் கட்டுங்கள். உள்ளளவு 12 அங்குல அகலம், 18 அங்குல ஆழம், 15 அங்குல உயரம், அதாவது 5 வரிசை. இங்கே சிமென்ட் கலவை வேண்டாம், தீயில் வெடித்து உதிரும். களிமண் 1 பங்கு, மணல் 2 பங்கு, கொஞ்சம் உமி கலந்து பிசைந்து, இணைப்பு கால் அங்குலத்தைத் தாண்டாமல் பூசுங்கள். முதல் வரிசைக்கு மேல் 12 மி.மீ. கம்பிகளை ஓர் அங்குல இடைவெளியில் அடுக்கினால் சாம்பல் கீழே இறங்கும். அதற்கும் கீழே முன்பக்கம் 4 அங்குல அகலம், 3 அங்குல உயரத்தில் காற்றுத் துளை ஒன்று. அதற்கு ஒரு செங்கல்லைக் கலவை இல்லாமல் நிறுத்தி, நகர்த்தித்தான் காற்றைக் கூட்டுவதும் குறைப்பதும். மேல்மூடிக்கு 5 மி.மீ. தகடு. சூட்டில் விரியும் என்பதால் மணல் மெத்தையில் வையுங்கள், கலவையில் ஒட்டாதீர்கள்.

அடுப்பின் பின்சுவரில் மேல் இரண்டு வரிசையில் 6 × 6 அங்குல வாய் விடுங்கள். அங்கிருந்து பீடத்துத் துளைக்கு 30 அங்குலத்தில் 6 அங்குலம் ஏற வேண்டும். புகைப்பாதையின் அடியில் உடைசல் செங்கல் நிரப்பிக் களிமண்ணால் சரிவாக மெழுகி, மேலே கடப்பா கல்லை மூடுங்கள். அடுப்பின் மேலேயே கடப்பாவைப் போட்டால் தழல் பட்டுப் பிளந்துவிடும். அது புகைப்பாதைக்கு மட்டும். இந்த 30 அங்குல நீளத்தை மாற்ற வேண்டாம். 6 அடி ஆக்கினால் அறை 60 டிகிரிக்கு மேல் ஏறுவதே கஷ்டம்; ஓர் அடியாகக் குறைத்தால் தீப்பொறி பெட்டிக்குள் போகும்.

மரப்பெட்டி

பீடத்தின் தலையில் முதலில் ஒரு மெல்லிய ஸ்டீல் அல்லது அலுமினியப் பட்டையை வைத்து, வெளிப்பக்கம் ஒன்றரை அங்குலம் நீட்டிக் கீழே மடியுங்கள். கரையானுக்கு இதுதான் தடுப்பு: அது மண்குழாய் கட்டி ஏறினாலும் இந்த மடிப்பைச் சுற்றித்தான் வர வேண்டும், அப்போது உங்கள் கண்ணில் படும்.

மூலைக்கு ஒரு 3 × 3 சட்டம். ரசமட்டம் பார்த்து நிறுத்தி, பலகைகளை வெளிப்பக்கம் படுக்கைவாட்டில் அடியுங்கள். ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் பாதிக் கனத்தை அரை அங்குலத்துக்கு இழைத்து எடுத்து, ஒன்றன் மேல் ஒன்று படியச் செய்ய வேண்டும். கோடையில் கட்டினால் பலகைக்குப் பலகை 2, 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும்; இடமில்லாவிட்டால் பலகை வெளியே பிதுங்கி ஸ்க்ரூவையே பிடுங்கும். அதனால்தான் பலகையின் இரு முனையிலும் கீழ் விளிம்போரம் மட்டும் ஸ்க்ரூ போட வேண்டும். மேல் விளிம்பை அடுத்த பலகை பிடித்துக்கொள்ளும், மரத்துக்கு மூச்சுவிட இடம் இருக்கும்.

தட்டுகள் உட்கார, தெற்கு, வடக்குச் சட்டங்களின் உள்முகத்தில் ஒன்றரை அங்குல ரீப்பரை (மெல்லிய மரச்சட்டம்) மரப்பெட்டியின் அடியிலிருந்து 6, 15, 24, 33 அங்குலங்களில் அடியுங்கள். இரு பக்க ரீப்பருக்கும் நடுவே 25 அங்குலம் வரும்; தட்டு 27 அங்குல அகலம். கடைக்காரரிடம் தட்டுக்கு அளவு கொடுப்பதை ரீப்பர் அடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தொங்கவிடும் கம்பிக்கு 40 அங்குலத்தில் இன்னொரு ஜோடி.

கூரையில் வெறும் தகரம் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்வது நல்லது. மீனிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த தகரத்தில் பட்டு, புகைக்கரியோடு சேர்ந்து கறுப்புத் துளியாக மீன்மேல் சொட்டும். கழுவினாலும் அந்தக் கசப்பு போகாது. எனவே உள்கூரை பலகையாகத்தான் இருக்க வேண்டும்; மரம் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பலகைமேல் ரீப்பர் அடித்து ஓர் அங்குலம் இடைவெளி விட்டு அலுமினிய ஷீட். நாலு பக்கமும் 4 அங்குலமாவது வெளியே நீளட்டும்.

புகைப்போக்கி வடசுவரின் உச்சியில், கூரை நீட்சியின் கீழ், 18 அங்குல நீளம், 2 அங்குல உயரம் உள்ள பிளவு. அதன் பரப்பு 36 சதுர அங்குலம், புகை உள்ளே வரும் வாயின் பரப்பும் அதே. முன்னால் இழுத்து மூடும் பலகை ஒன்றும், எலியும் பூனையும் வராமல் உள்ளே வலையும் வையுங்கள்.

கதவு 30 அங்குல அகலம், பின்னால் குறுக்குச்சட்டம் போட்டு மூன்று கீல். ஓரத்தில் கொஞ்சம் புகை கசிந்தால் கசியட்டும். ரப்பர், சிலிகான், எம்-சீல் எதையும் வைத்து அடைக்காதீர்கள். டயல் வெப்பமானியை இரண்டாவது தட்டின் உயரத்தில் கதவில் துளைத்துப் பொருத்துங்கள். உள்ளே பெயின்ட், வார்னிஷ், கரையான் மருந்து, வேஸ்ட் ஆயில் எதுவும் கூடாது. வெளிப்பக்கம் மட்டும் ஆளிவிதை எண்ணெய் தடவலாம். தடவிய துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து அல்லது தண்ணீரில் ஊறவைத்து அப்புறப்படுத்துங்கள்.

மீன் போடுவதற்கு முன் மூன்று முறை வெறும் அறையைச் சூடாக்க வேண்டும். முதல் நாள் 50, அடுத்து 70, பிறகு 90 டிகிரியில், ஒவ்வொன்றும் 3 மணி நேரம். அடுப்பின் களிமண் காயும், மரத்தின் பச்சை வாடை போகும், உள்சுவர் பழுப்பேறும்.

விறகும் புகையும்

சூட்டுக்கு அடுப்புக்கரி, மணத்துக்கு விறகுத் துண்டு. இங்கே விற்கும் கரியில் பெரும்பகுதி சீமைக் கருவேலம், நின்று எரியும். 5 கிலோ மீனுக்கு 4 கிலோ கரி, 2 கிலோ விறகுத் துண்டு என்று ஆரம்பியுங்கள். மா, கொய்யா, பலா, புளி நான்கும் நல்ல மணம். கொட்டாங்குச்சி சட்டென்று பற்றிக் காரமாகப் புகையும், அளவாகச் சேருங்கள். வேம்பு கசக்கும். யூகலிப்டஸ் தைல வாடை அடிக்கும். அரளி விஷம், தோட்டத்தில் வெட்டிக் குவித்த கிளைகளை எடுக்கும்போது அரளிக் குச்சி கலக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

விறகைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். ஈரம் ஆவியாகும் வரை வருவது நீராவி, பிறகு வருவது கசப்பான வெண்புகை. ஆறு மாதமாவது நிழலில் காய்ந்த, கைப்பிடி அளவுத் துண்டுகளை இரண்டிரண்டாகத் தணல்மேல் வையுங்கள். வெளியே வரும் புகை மெல்லியதாக, சற்று நீலமாக இருந்தால் சரி. பஞ்சு போல வெள்ளையாகக் கொட்டினால் காற்று போதவில்லை, செங்கல்லை நகர்த்துங்கள். புகைப்போக்கியை எந்த நிலையிலும் பாதிக்கு மேல் மூடாதீர்கள்.

மீன்

கானாங்கத்தை, சூரை, வஞ்சிரம், மடவை, கொடுவா எல்லாம் ஏற்றவை. எண்ணெய்ச் சத்துள்ள மீன் புகையை நன்றாக இழுக்கும். ஆனால் கானாங்கத்தையும் சூரையும் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தாலே ஹிஸ்டமின் சேரும். அது உப்பாலும் போகாது, சூட்டாலும் போகாது. முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பு தடிக்கும். காசிமேட்டுக்கு விடியற்காலையில் போய், மீனுக்குச் சரி எடை ஐஸ் போட்ட பெட்டியோடு திரும்புங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். அந்த 61 நாளை அறை கட்டவும் காயவைக்கவும் வைத்துக்கொண்டால் தடை முடிந்து மீன் வரும்போது அறை தயாராக இருக்கும்.

5 லிட்டர் தண்ணீருக்கு 750 கிராம் கல்லுப்பு, 100 கிராம் வெல்லம். உப்பைப் படியால் அளக்காமல் தராசில் நிறுங்கள்; கல்லுப்பும் தூளுப்பும் படியில் ஒன்றாகாது. முதுகு பிளந்த கானாங்கத்தைக்கு 1 மணி நேரம், ஓர் அங்குல வஞ்சிரத் துண்டுக்கு ஒன்றரை மணி நேரம், பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தே ஊறவையுங்கள். பிறகு ஒரு முறை அலசித் துடைத்துவிடுங்கள்.

அடுத்த படியில்தான் சென்னைக்காரர்கள் பலர் தோற்கிறார்கள். ஊறிய மீனின் மேல்புறம் காய்ந்து, விரலில் ஒட்டும் பிசுபிசுப்பான தோல் உருவாக வேண்டும். அந்தத் தோலில்தான் புகை பிடிக்கும். குளிர்நாட்டுக் குறிப்புகளில் காற்றில் இரண்டு மணி நேரம் வைக்கச் சொல்வார்கள். நம் புழுக்கத்தில் இரண்டு மணி நேரத்தில் தோல் வராது, ஈ வரும். மீனை அறையிலேயே தொங்கவிட்டு, விறகு போடாமல் கரித்தணல் மட்டும் வைத்து, புகைப்போக்கியை முழுக்கத் திறந்து 45 டிகிரியில் 45 நிமிடம் உலர்த்துங்கள். தொட்டால் ஒட்ட வேண்டும், ஈரம் படக் கூடாது.

பிறகு விறகுத் துண்டு போட்டு 65–70 டிகிரியில் ஒரு மணி நேரம். அடுத்து 90–100-க்கு ஏற்றி, மீனின் கனமான இடத்தில் ஊசி வெப்பமானி 63 டிகிரி காட்டிய பிறகு அதே சூட்டில் 30 நிமிடம் நிறுத்துங்கள். நிறம் பொன்னாகிவிட்டது என்று அதற்குள் இறக்காதீர்கள். நிறம் வேக்காட்டின் அடையாளம் அல்ல. மீனுக்கு மீன் ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும், ஒட்டிய இடத்தில் வெளுப்பாக நிற்கும். மத்தி போன்ற மென்மையான மீனைத் தொங்கவிட்டால் தலை அறுந்து விழும், தட்டில் பரப்புங்கள்.

கோழி, பன்றி, ஆடு

கோழிக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு, குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க. அறை 100–110 டிகிரி. இரண்டாகப் பிளந்த கோழிக்கு 3 மணி நேரம் பிடிக்கலாம். தொடையில் எலும்போரம் 74 டிகிரி வந்தால்தான் இறக்க வேண்டும். பன்றி வயிற்றுக்கறிக்கு எடையில் 2.5 சதவீத உப்பைத் தேய்த்து மூன்று நாள் வைத்து, 71 டிகிரி வரை. ஆட்டுத் தொடைக்கும் அதே. சிவப்பு நிறத்துக்கு 6.25 சதவீத சோடியம் நைட்ரைட் கலந்த க்யூரிங் சால்ட் போடுவதானால் கிலோவுக்கு 2.5 கிராம், நகைத் தராசில் நிறுத்து. அதற்குப் பதில் வெடியுப்பு போடுவது ஆபத்து. மீனும் கறியும் ஒரே நேரத்தில் போட்டால் கறியில் மீன் வாடை ஏறும். போட்டே தீர வேண்டுமென்றால் கோழி எப்போதும் கீழ்த்தட்டில்.

தவறு நடக்கும் இடங்கள்

அடுப்பு வாயிலிருந்தே புகை திரும்பி வருகிறதா? அறை குளிர்ந்திருக்கிறது. முதலில் ஒரு கைப்பிடிக் காய்ந்த சுள்ளியைக் கொழுந்துவிட்டு எரித்துப் பாதையைச் சூடாக்கினால் இழுவை வந்துவிடும். வராவிட்டால் புகைப்பாதையில் சாம்பல் அடைத்திருக்கும்.

மீன்மேல் தயிர்த் திவலை போல வெள்ளை கசிந்தால் சூட்டை வேகமாக ஏற்றிவிட்டீர்கள். சாப்பிடலாம், பார்க்க அழகில்லை. தோல் கறுத்து, தின்னும்போது நாக்கு மரத்துப்போனால் புகைப்போக்கியை மூடிவைத்திருக்கிறீர்கள். மழை நாளில் 80 டிகிரியோடு நின்றுவிட்டால் விறகை நிறுத்திக் கரியைக் கூட்டுங்கள். அப்படியும் இரண்டு மணி நேரத்தில் உள்வெப்பம் 63-ஐ எட்டாவிட்டால் மீனை எடுத்து வாணலியில் வேகவைத்து அன்றே சாப்பிட்டுவிடுங்கள். கதவைத் திறந்து திறந்து பார்ப்பதும் இதற்குக் காரணம். ஒவ்வொரு முறையும் இறங்கும் சூட்டை மீட்கப் பத்து நிமிடம் ஆகும்.

உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்கவே கூடாது. காற்றுத் துளை, புகைப்போக்கி இரண்டையும் மூடி, பக்கத்தில் எப்போதும் இருக்க வேண்டிய இரண்டு வாளி மணலை அடுப்பில் கொட்டுங்கள்.

தட்டு, கம்பிகளை ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். சுவரைக் கழுவ வேண்டாம். செதில் செதிலாக உரியும் கரியை மட்டும் சுரண்டிவிடுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை பயன்படுத்தாவிட்டாலும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் தணல் போட்டால் பூஞ்சை பிடிக்காது. அடுப்பின் களிமண் பூச்சு மழையில் கரையாமல் தார்பாய் போர்த்துங்கள்.

இறக்கிய மீனை மின்விசிறியின் கீழ் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்குக் கீழே வைத்துவிடுங்கள். சூடாக டப்பாவில் மூடினால் ஈரம் வியர்த்துத் தோல் நொசநொசத்துவிடும். காற்று நீக்கிய கவரில் அடைத்தாலும் குளிர்சாதனப் பெட்டியை விட்டு வெளியே வைக்காதீர்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் பாட்டுலினம் கிருமிக்கு மணமோ நிறமாற்றமோ இருக்க வேண்டியதில்லை. நான்கைந்து நாளில் தீர்த்துவிடுங்கள், தீராது என்று தெரிந்தால் செய்த அன்றே உறைபெட்டியில் போடுங்கள். இரண்டு மாதம் வரை ருசி குறையாது. ஊருக்கு அனுப்புவதானால் ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். பஸ் பார்சலில் காகிதம் சுற்றி அனுப்ப இது கருவாடு அல்ல.